ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போய்விட்டதா? முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

வலி இல்லை, சிவப்பு இல்லை, தூசி விழுந்த உறுத்தலும் இல்லை, ஆனால் ஒரு கண்ணில் மட்டும் சில நொடிகளில் பார்வை இருண்டுவிட்டது என்றால், அதைப் பக்கவாதம் என்று வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம், தெருமுனை மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்க வேண்டாம், நாளைக் காலை கண் மருத்துவமனைக்கு டோக்கன் போடலாம் என்றும் உட்கார்ந்திருக்க வேண்டாம். பகலோ நடுராத்திரியோ, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

ஏன் பக்கவாதம் என்று சொல்கிறேன்? கழுத்தின் இரு பக்கமும் ஓடுகிற கரோடிட் தமனிதான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிறது. அதிலிருந்தே கண்ணுக்கு ஒரு கிளை பிரிகிறது, அந்தக் கிளையிலிருந்து இன்னும் மெல்லிய ஒரு தமனி பார்வை நரம்புக்குள் புகுந்து விழித்திரையின் உள் அடுக்குகளுக்கு ரத்தம் கொடுக்கிறது. அந்தத் தமனியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். கழுத்துத் தமனியின் சுவரில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கோ, இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டியில் ஒரு துண்டோ பிய்த்துக்கொண்டு கிளம்பி மேலே போனால் கை கால் விழுந்துவிடும், பக்கத்துக் கிளைக்குள் திரும்பினால் கண் போய்விடும். 1859-லேயே ஜெர்மன் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப இந்த விழித்திரைத் தமனி அடைப்பைப் பதிவு செய்துவிட்டார். ஆனாலும் இது கண் டாக்டரின் சமாச்சாரம் என்ற நினைப்பு மாறவே இல்லை. அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இதைப் பக்கவாதத்தின் ஒரு வகை என்றே சொல்லி, மற்ற பக்கவாதங்களுக்குக் காட்டுகிற அதே அவசரத்தை இதற்கும் காட்டச் சொல்கிறது.

இதில் ஆபத்தே வலி இல்லாததுதான். நெஞ்சு வலித்தால் ஓடுவோம், பல் வலித்தால்கூட ராத்திரி தூங்க மாட்டோம், இது வலிக்கவே வலிக்காது. இன்னொரு கண் நன்றாகத் தெரிவதால் பலருக்கு ஒரு கண் போனதே தெரிவதில்லை. முகம் கழுவும்போது ஒரு கண்ணில் சோப்பு பட்டு மூடிக்கொள்ளும்போதுதான் மற்றதில் ஒன்றுமே தெரியவில்லை என்று புரியும். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. "வலிக்குதா பெரியப்பா?" என்று கேட்டால், "வலியெல்லாம் ஒண்ணுமில்லப்பா, லேசா இருட்டா இருக்கு, கண்ணாடி பவரை மாத்தணும்போல" என்றார். கண்ணாடிக் கடைக்குப் போய், அங்கிருந்து ஒரு கிளினிக்குக்குப் போய், அவர்கள் மறுநாள் வரச் சொல்லி, சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் முழுக்கப் போய்விட்டது.

வீட்டில் ஒரு நிமிடச் சோதனை

உள்ளங்கையைக் குவித்து ஒரு கண்ணை மறையுங்கள், கண்ணை அழுத்தக் கூடாது. சுவரில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரைப் பார்த்து, தேதி எண் தெரிகிறதா, அதற்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மறு கண்ணை மறைத்து அதையே செய்யுங்கள். எண் தெரியவில்லை என்றால் யாராவது முகத்துக்கு முன்னால் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்கட்டும், அதுவும் தெரியவில்லை என்றால் கை அசைவது தெரிகிறதா, டார்ச் வெளிச்சமாவது தெரிகிறதா என்று பாருங்கள். எதுவரை தெரிந்தது என்பதை நினைவில் வையுங்கள், டாக்டர் கேட்பார்.

முழு இருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முக்கியத் தமனி அடைபடாமல் அதன் கிளை ஒன்று மட்டும் அடைபட்டால் அந்தக் கண்ணின் மேல் பாதியோ கீழ் பாதியோ மட்டும் மறையும். சிலருக்குப் பிறவியிலேயே விழித்திரையின் நடுப்பகுதிக்குப் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒரு சிறு ரத்தக் குழாய் வந்திருக்கும். அவர்களுக்குச் சுற்றிலும் இருட்டாகி நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெளிவாகத் தெரியும். நடுவில் தெரிகிறதே என்று அவர்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

எந்தக் கண்ணை மூடினாலும் ஒரே பக்கத்துப் பாதி தெரியவில்லை என்றால் கோளாறு மூளையின் பின்பகுதியில் இருக்கலாம், அதுவும் பக்கவாதம்தான், போக வேண்டிய இடமும் அதேதான். மின்னல் வெட்டுவதுபோல ஒளி, கரும்புள்ளிகள் மழையாகப் பொழிவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது என்று இருந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம், அதற்குக் கண் மருத்துவமனை, அதையும் தள்ளிப்போடக் கூடாது. கண் சிவந்து கடும் வலியும் வாந்தியும் இருந்தால் கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். இதையெல்லாம் வீட்டிலேயே முடிவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். வலியில்லாமல் சட்டென்று போனதா என்ற ஒரு கேள்வி போதும், ஆம் என்றால் பெரிய மருத்துவமனை.

போய்த் திரும்பி வந்த பார்வையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணில் ஷட்டர் இறங்கியதுபோல இருட்டி, சில நிமிடங்களில் தானாகத் தெளிந்துவிட்டால் பெரும்பாலானோர் பித்தம், வெயில், சாப்பிடாமல் இருந்தது என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அடைத்த துணுக்கு நகர்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான், அது கிளம்பிய இடம் அப்படியே இருக்கிறது, அடுத்தது வரும், அது மூளைக்கும் போகலாம். பார்வை முழுதாகத் திரும்பிவிட்டாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உண்மையில் பெரிய சேதத்தைத் தடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

எங்கே போவது, எப்படிப் போவது

24 மணி நேரமும் சிடி ஸ்கேன் ஓடுகிற, நியூராலஜிஸ்ட் கிடைக்கிற, பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிற மருத்துவமனை வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடலாம், இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. நம் ஊரில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது, தனியாரில் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து வைப்பது நல்லது, பார்வை போன பிறகு பத்துப் பேருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கண் மட்டும் பார்க்கிற மருத்துவமனை எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் முதலில் அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன், அங்கே நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் அடுத்துச் செய்ய வேண்டியதெல்லாம் இன்னொரு இடத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே போய்விட்டீர்கள், தமனி அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள் என்றால், ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு அங்கிருந்தே நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மகன் வேலையிலிருந்து வந்ததும் போகலாம் என்று விடக் கூடாது.

வண்டியை நீங்களே ஓட்டாதீர்கள். ஒரு கண்ணில் தூரம் சரியாகக் கணிக்க வராது, வழியிலேயே கை கால் மரத்துப்போகவும் வாய்ப்பு உண்டு.

கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது மாத்திரை டப்பா முழுவதும், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அது, அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் நேரம். நேரம் என்றால் பார்வை போனதைக் கவனித்த நேரத்தை மட்டும் எழுதினால் போதாது, அந்தக் கண் கடைசியாக நன்றாகத் தெரிந்த நேரத்தையும் எழுத வேண்டும். தூங்கி எழுந்தபோதுதான் தெரிந்தது என்றால் ராத்திரி படுக்கும்போது டிவி சரியாகத் தெரிந்ததா, நடுவில் எழுந்து பாத்ரூம் போனபோது எப்படி இருந்தது என்று யோசித்துச் சொல்லுங்கள். ஊசி போடலாமா கூடாதா என்ற முடிவே இந்த நேரத்தை வைத்துத்தான்.

அவசரப் பிரிவில் வாசலிலேயே "கண்ணு சரியாத் தெரியல" என்று சொன்னால் கண் ஓபிக்குப் போகச் சொல்லிவிட வாய்ப்பு நிறைய. "ஒரு கண்ணுல திடீர்னு பார்வை போயிடுச்சு, இத்தனை மணிக்குப் போச்சு, வலி இல்லை, ஸ்ட்ரோக்கானு பாருங்க டாக்டர்" என்று அந்த வார்த்தையைச் சேர்த்தே சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

வழியில் செய்யக் கூடாதவை

கண்ணை அழுத்தி அழுத்தி மசாஜ் செய்தால் கட்டி நகர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆண்டுக்கணக்காக மருத்துவர்களே செய்துவந்த வைத்தியம்தான் அது, ஆனால் பலன் தருகிறது என்று நிரூபணம் ஆகவில்லை, அண்மையில் கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணாக இருந்தால் கெடுதலும் ஆகும். நீங்களாகச் செய்ய வேண்டாம். வீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறதே என்று வாயில் போட்டுவிடாதீர்கள், மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகுதான் அதைத் தொட வேண்டும், கரைக்கும் ஊசி போட்டால் ஆஸ்பிரினைப் பொதுவாக ஒரு நாள் தள்ளித்தான் ஆரம்பிப்பார்கள். பிரஷர் ஏறியிருக்கிறது என்று கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரை போடுவதும் தவறு. ரத்தம் போகத் தவித்துக்கொண்டிருக்கிற இடத்தில் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் இருக்கிற ரத்த ஓட்டமும் குறையும்.

மருத்துவமனையில் நடப்பது

டாக்டர் ஒரு டார்ச்சை எடுத்து இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டுவார். நல்ல கண்ணில் வெளிச்சம் பட்டதும் இரண்டு கண் பாப்பாவும் சுருங்கும். வெளிச்சத்தை அடைபட்ட கண்ணுக்கு மாற்றினால், சுருங்க வேண்டிய பாப்பா மெல்ல விரியும். மூளைக்கு அந்தக் கண்ணிலிருந்து சேதி போகவில்லை என்பதற்கு அது அடையாளம். அப்புறம் விழித்திரையைப் பார்ப்பார்கள். செம்மஞ்சளாக இருக்க வேண்டிய விழித்திரை பால் கலந்ததுபோல வெளுத்துக் கிடக்கும், நடுவில் மட்டும் செர்ரிப் பழ நிறத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த இடத்தில் விழித்திரை மிக மெலிசு, பின்னால் இருக்கிற ரத்தக் குழாய்ப் படலத்தின் சிவப்பு அப்படியே தெரிகிறது. முதல் சில மணி நேரத்தில் இந்த வெளுப்பு தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம், அதனால் 'பின்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சீக்கிரமாக யாராவது சொன்னால் ஓசிடி ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், விழித்திரையின் உள் அடுக்குகளில் வருகிற வீக்கத்தை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

கூடவே சுகர், பிரஷர், ஈசிஜி, தலைக்கு சிடி ஸ்கேன். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, தலையில் அடிபட்டதா, முன்பு மூளையில் ரத்தக் கசிவு வந்திருக்கிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். கூட வந்தவர் இதற்கெல்லாம் தயாராகப் பதில் வைத்திருந்தாலே எவ்வளவோ நேரம் மிச்சமாகும்.

இப்போது கரைக்கும் ஊசி விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் நிறைய பேருக்குக் குழப்பம். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே, ரீசஸ் குரங்குகளின் விழித்திரைத் தமனியை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். வயதான, ரத்தக் கொதிப்பு உள்ள குரங்குகளில் 97 நிமிடம் வரை அடைத்தால் சேதம் தெரியவில்லை, 240 நிமிடம் ஆனால் திரும்ப முடியாத பெரும் சேதம். மனிதர்களுக்கு அடைப்பு முழுமையாகவும் இருக்கலாம், கொஞ்சம் ரத்தம் கசிந்து போய்க்கொண்டும் இருக்கலாம், அதனால் ஒவ்வொருவருக்கும் கணக்கு மாறும், முழு அடைப்பில் இன்னும் சீக்கிரமே செல்கள் சாகத் தொடங்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. மூளைப் பக்கவாதத்துக்கு வைத்திருக்கிற நாலரை மணி நேர எல்லையைத்தான் இதற்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த நேரத்துக்குள் வந்து, பார்வை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, ரத்தக் கசிவு ஆபத்து இல்லாதவர்களுக்குக் கையில் ரத்த நாளம் வழியாக ஆல்டிப்ளேஸ் என்ற கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாம் என்பது 2021 அறிக்கையின் நிலை. எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-ஐத் தாண்டாமல், பத்தில் ஒரு பங்கை முதலில் ஏற்றி மீதியை ஒரு மணி நேரத்தில் விடுவார்கள்.

ஆனால் இது நிச்சயம் பார்வையைக் கொண்டுவரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சீக்கிரம் போட்டவர்களில் பலருக்குப் பார்வை திரும்பியதாக நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் சோதனைகளையும் பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே நாடுகளில் தொடங்கினார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்கிற அளவுக்கு உறுதியான நிரூபணம் இன்னும் கைக்கு வரவில்லை. மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. ஆகவே டாக்டர் போடலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் காரணத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு சம்மதம் கொடுங்கள். கண்ணுக்குப் போகிற தமனிக்குள்ளேயே குழாய் விட்டு மருந்து செலுத்திப் பார்த்த ஐரோப்பிய சோதனை 2010-ல் வெளியானது, பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை, பக்க விளைவுகள்தான் கூடின, ஆனால் அதில் நோயாளிகளுக்கு மருந்து போய்ச் சேர்வதற்குச் சராசரியாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண்ணுக்குள் ஊசி வைத்து நீரை எடுப்பது, அழுத்தம் குறைக்கும் மாத்திரை, பைக்குள் மூச்சு விடுவது போன்ற பழைய வைத்தியங்களுக்கும் நிரூபணம் இல்லை. அவற்றைச் செய்து பார்த்துக்கொண்டு ஸ்கேனைத் தாமதப்படுத்துவதுதான் எனக்கு ஆறாத ஆதங்கம்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. சில வாரங்களாகத் தலைவலி, தலை சீவும்போது நெற்றிப்பொட்டில் வலி, சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை வலித்து நிறுத்த வேண்டியிருப்பது, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவு இதெல்லாம் இருந்ததா என்று. இருந்தால் தமனிச் சுவரே வீங்கி அடைத்திருக்கலாம். நம் மக்களிடம் இது அரிது, ஆனால் தவறவிட்டால் அடுத்த கண்ணும் சில நாட்களிலேயே போய்விடலாம். ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை எடுத்து, சந்தேகம் வலுத்தால் பயாப்சி முடிவுக்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டை அதிக அளவில் உடனே ஆரம்பிப்பார்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். இளம் வயதினர் என்றால் ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட இதய வால்வு, கழுத்தில் அடிபட்டுத் தமனிச் சுவர் கிழிந்தது, ரத்தம் எளிதில் உறையும் கோளாறு என்று வேறு பக்கம் தேட வேண்டும். மூக்கிலோ புருவ நடுவிலோ அழகுக்காக ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்ட நிமிடமே பார்வை போனால் அதை ஒளிக்காமல் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டாலும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்

ஆறு மணி நேரம் ஆகிவிட்டது, ஒரு நாளே ஆகிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் நிறைய. போன பார்வைக்காக மட்டும் போகவில்லை என்பதுதான் பதில். விழித்திரைத் தமனி அடைத்தவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மூளையிலும் புதிதாகச் சின்னச் சின்ன அடைப்புகள் தெரிகின்றன, அவர்களுக்கே தெரியாமல். கை காலை வீழ்த்தும் பக்கவாதம் வருகிற ஆபத்து முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம். அதனால் அட்மிட் ஆகி, கழுத்துத் தமனிக்கு டாப்ளர் ஸ்கேனோ சிடி ஆஞ்சியோவோ, இதயத்துக்கு எக்கோ, துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று பார்க்க ஹோல்டர் என்கிற தொடர் ஈசிஜி, மூன்று மாத சுகர், கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

பெரியப்பாவுக்குக் கண் திரும்பவில்லை. ஆனால் டாப்ளரில் அதே பக்கத்துக் கழுத்துத் தமனி மோசமாகச் சுருங்கியிருந்தது தெரிந்து, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்து சுத்தம் செய்தார்கள். தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் இந்த ஆபரேஷனின் பலன் நன்றாகவே நிரூபணமானது, முடிந்தவரை இரண்டு வாரத்துக்குள் செய்வதே நல்லது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஆஸ்பிரின் போன்றவை, கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, பிரஷர், சுகர் கட்டுப்பாடு. சிகரெட், பீடி, புகையிலை எதுவாக இருந்தாலும் அன்றோடு விட வேண்டும், இதில் பேரமே கிடையாது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கண் டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள், தெரியாத கண்ணுக்கு எதற்குச் செக்கப் என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் இன்னொரு சிக்கல் வருகிறது. ரத்தம் கிடைக்காத கண்ணில் சில வாரங்களில் கருவிழி நிறப் படலத்தின் மேல் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, கண்ணுக்குள் இருக்கிற நீர் வடிகிற வழியை அடைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். அதுவரை வலிக்காத கண் அப்போது சிவந்து தாங்க முடியாமல் வலிக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் லேசரோ ஊசியோ போட்டு அடக்கலாம், அதனால் முதல் நாலு மாதமாவது டாக்டர் சொல்கிற இடைவெளியில் தவறாமல் காட்டுங்கள். வலியோ சிவப்போ வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். மற்ற கண்ணுக்கு, பவர் தேவையில்லை என்றாலும், உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டுவதைக் கண் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள்.